குமுதவல்லி அக்காவுக்கு ஒரு ரொட்டி

மார்ச் 3, 2025 – திங்கள்

காலையில் இரண்டு பிளவுசுக்குக் கொக்கி வைத்து முடித்தேன். மழை வருவதுபோல் மிரட்டிக்கொண்டே இருந்தது, வரவில்லை. கொடியில் கிடந்த துணியை எடுத்ததும் மறுபடி போட்டதும்தான் மிச்சம்.

சாயங்காலம் சன்னாசி அண்ணனின் மோட்டோ வந்தது. அந்த ஹாரனைக் கேட்டால் தோட்டத்து நாய்களுக்குக்கூடத் தெரியும், பகா டவுனிலிருந்து ரொட்டி வந்துவிட்டது என்று. எங்கள் வீட்டுக்கு வழக்கமாகக் கொடுக்கும் வெட்டாத வெள்ளை ரொட்டியைக் கொடுத்துவிட்டு, கிளம்பாமல் நின்றார்.

"சனிக்கெழமையோட நிப்பாட்டிக்கிறேன்மா. முட்டி ரெண்டும் மோட்டோவுல ஒக்கார விடமாட்டேங்குது. மக ஜொகூருக்கே வந்துருங்கப்பான்னு சொல்லிருச்சு."

நல்லது அண்ணே, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாய் சொன்னது. பக்கத்து வீட்டு ராக்கம்மா அக்கா விடவில்லை. "ஏன் புள்ள, ரொட்டிக்காரரு போறதுக்கா மூஞ்சி இப்புடிப் போவுது?" சிரித்து மழுப்பிவிட்டேன்.

யாரிடம் சொல்ல? இங்கேதான் எழுத வேண்டும். நான் இந்த வீட்டுக்கு வாழ வந்து இரண்டு வருடம் ஆகிறது. என் வீட்டுக்காரருக்கு நான் இரண்டாவது மனைவி. அவர் மகள் புனிதா இதுவரை நான் வைத்த குழம்பைத் தொட்டதில்லை. ஒரு நாள், ஒரு கரண்டி – இல்லை. மதியம் பள்ளிக்கூடத்துக் கேண்டீன். வீட்டில் வெறும் சோறு, அவளே பொரித்துக்கொள்ளும் முட்டை, கொஞ்சம் சோயா கிச்சாப். மற்ற நேரமெல்லாம் சன்னாசி அண்ணன் ரொட்டிதான். மார்ஜரின் தடவி மேலே சீனி தூவிக்கொள்வாள். நான் வந்த அன்றே, "எனக்கு ரொட்டி போதும் ஆன்ட்டி" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். இன்று வரைக்கும் மரியாதைதான். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது அந்த ரொட்டியும் போனால் பிள்ளை என்ன சாப்பிடும்?

மார்ச் 8 – சனி

கடைசி ரொட்டி. சன்னாசி அண்ணன் ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தார். "பாப்பாவுக்கு" என்றார்.

புனிதாவின் அம்மா குமுதவல்லி அக்கா உயிரோடு இருந்த காலத்திலிருந்து இந்த வீட்டுக்கு ரொட்டி போட்டவர் அவர். அக்கா விடியற்காலைப் பெரட்டில், தோட்ட வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்தில், பேர் கொடுக்க ஓடுவதற்கு முன், பால் விடாத கோப்பி ஓவில் இந்த ரொட்டியை முக்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவாராம். இதை எனக்குச் சொன்னவரும் சன்னாசி அண்ணன்தான். இந்த வீட்டில் யாரும் என்னிடம் அக்காவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எனக்கு நோகும் என்று நினைக்கிறார்கள் போல.

மார்ச் 11 – செவ்வாய்

வீட்டுக்காரர் பகாவிலிருந்து பாக்கெட் ரொட்டி வாங்கி வந்தார். புனிதா ஒரு துண்டு சாப்பிட்டாள். "இனிக்குதுப்பா" என்று அவரிடம் சொன்னாள். என்னைப் பார்த்ததும், "பரவால்ல ஆன்ட்டி, நல்லாத்தான் இருக்கு" என்றாள். பாக்கெட் மேசையில் அப்படியே கிடக்கிறது. ராத்திரிக்கு மறுபடி முட்டை.

பதினைந்து வயது. வளர்கிற பிள்ளை.

மார்ச் 12 – புதன்

அலமாரி மேல் இருந்த அடுப்பை இறக்கினேன். மின்சார அடுப்பு, ரொட்டி, கேக் எல்லாம் வேகவைக்கலாம். கல்யாணத்துக்காக சுங்கை காடுட் தொழிற்சாலையை விட்டு வந்தபோது, என் வரிசையில் வேலை செய்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. முப்பத்தெட்டு வயதில் கல்யாணம் செய்துகொள்கிறவளுக்குக் கேக் சுடும் அடுப்பு எதற்கு என்று அன்று மனசுக்குள் சிரித்தேன். இரண்டு வருடமாக அதற்குள் முறுக்கு அச்சும் பழைய பிளாஸ்டிக் பைகளும்தான் குடியிருந்தன.

துடைத்து வைத்தேன். பொத்தானைத் திருப்பியதும் உள்ளே சிவப்பாகக் கம்பி காய்ந்தது. அந்தப் பெண்கள் நன்றாக இருக்க வேண்டும்.

மார்ச் 13 – வியாழன்

ரொட்டி என்று சொல்லக்கூடாது. செங்கல்.

இடியாப்பத்துக்கு மாவு பிசைகிற கை எனக்கு. மாவென்றால் கொதிக்கிற தண்ணீரைத்தான் ஊற்றும். ஈஸ்ட்டையும் மாவையும் போட்டு, தளதளவென்று கொதித்ததை ஊற்றிக் கிளறிவிட்டேன். மத்தியானம் முழுக்க உப்பும் உப்பும் என்று துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். அது எங்கே உப்பும்? ஈஸ்ட் வெந்து செத்துப் போய்விட்டது. அது தெரியாமல் வேகவும் வைத்தேன்.

ராக்கம்மா அக்கா கோழிக்குப் போட்டார். கோழி ஒரு கொத்துக் கொத்திவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தது. "அதுக்கும் பல்லு வேணும்ல புள்ள" என்றார் அக்கா. இரண்டு பேரும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அழ வேண்டிய நேரத்தில் சிரிக்க வைக்க ஒரு ஆள் பக்கத்து வீட்டில் இருப்பது சின்ன விஷயமில்லை.

மார்ச் 15 – சனி

நேற்று மறுபடி முயன்றேன், இந்தத் தடவை வெதுவெதுப்பான தண்ணீர். மாவு உப்பியது! கத்தியே விட்டேன். ஆனால் அதற்குள் ராத்திரி ஆகிவிட்டது. சரி, இட்லி மாவு மாதிரிதானே, விடிய விடியப் பொங்கட்டும், புளித்தால்தானே பதம் என்று மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

இன்று காலையில் மாவு பாத்திரத்தை விட்டு எழுந்து, மேடையைத் தாண்டி, அரிசி டின் மேல் போய் உட்கார்ந்திருந்தது. ஒரே புளிப்பு வாடை. பள்ளிக்கூடம் இல்லாத நாள். புனிதா அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள். உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பா? சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் தொடச்சுத் தரவா ஆன்ட்டி?" என்று மட்டும் கேட்டாள்.

வீணாக்க மனசு வரவில்லை. ராக்கம்மா அக்கா சொன்னபடி வெங்காயம், பச்சை மிளகாய் அரிந்து போட்டுத் தோசையாகச் சுட்டேன். அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் ஐந்து சாப்பிட்டார். செம்பனை எண்ணெய் ஆலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த மனிதர்.

மார்ச் 16 – ஞாயிறு

தோசை இன்னும் தீரவில்லை.

மார்ச் 22 – சனி

யூடியூபில் ஒரு மலாய் மக்சிக், வயதான அம்மா, நிதானமாகச் சொல்லித் தருகிறார். நான் செய்த தப்பெல்லாம் அவருக்கு முன்பே தெரியும் போல, ஒவ்வொன்றாக "ஜாங்கான்" என்கிறார். வேண்டாம், வேண்டாம். சாதாரண மாவு வேண்டாம், ரொட்டி மாவு வாங்கு. கொதிநீர் வேண்டாம். நம் வெயிலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் விடவும் வேண்டாம். உப்பை ஈஸ்ட்டோடு சேர்த்துப் போட வேண்டாம், உப்பு அதை அடக்கிவிடும். மாவு ஒன்று சேர்ந்த பிறகு போடு.

பகாவுக்குப் பஸ் ஏறிப் போய்க் கேக் சாமான் கடையில் மாவும் நீளமான ஒரு டின்னும் வாங்கி வந்தேன். உப்பை மட்டும் என் வழக்கப்படிதான் போட்டேன். பிசைந்த மாவில் ஒரு கிள்ளு கிள்ளி நாக்கில் வைத்துப் பார்ப்பேன். சப்பென்று இருந்தால் உப்பு, மறுபடி ஒரு கிள்ளு. மக்சிக் கரண்டி அளவு சொல்கிறார்தான். என் நாக்கு அவரை நம்பவில்லை.

வெந்தது. ரொட்டியாகவே வெந்தது. வீடு முழுக்க வாசம். டின்னைக் கவிழ்த்ததும் தொப்பென்று விழுந்தது. தட்டிப் பார்த்தால் உள்ளே வெற்றுச் சத்தம். மக்சிக் சொன்ன அதே சத்தம். அடுக்களையில் தனியாக நின்று கை தட்டினேன்.

அவர் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "சன்னாசி அண்ணனோட பழைய பிளாஸ்டிக் பையி ஒண்ணு கெடக்குது ரதி. அதுல போட்டு வெச்சிரு. வேற யாரோ ரொட்டி கொண்டாந்தாங்கன்னு நெனச்சிச் சாப்புட்டுரும்."

நல்ல மனசோடு சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏமாத்திச் சாப்புட வெச்சு எனக்கு என்னங்க ஆவப் போவுது? நான் செஞ்சதுன்னு தெரிஞ்சு சாப்புடட்டும். இல்லாட்டி விடட்டும்" என்றேன். தட்டில் வைத்து, துணி போட்டு மூடி, மேசையிலேயே வைத்துவிட்டேன். புனிதாவைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் மரியாதைக்காகச் சாப்பிடுவாள்.

மார்ச் 23 – ஞாயிறு

ரொட்டியின் ஒரு முனை காணோம்! கோணலாக வெட்டியிருக்கிறது.

அவரைக் கேட்டேன். "நா இல்ல." ராக்கம்மா அக்கா வந்தாரா? வரவில்லை. மேசையில் சீனி சிந்தியிருந்தது. எறும்பு வரிசை கட்டி வந்துகொண்டிருந்தது. அந்த எறும்பைத் துடைக்க எனக்கு மனசே வரவில்லை.

மார்ச் 24 – திங்கள்

இன்னும் மூன்று துண்டு குறைந்திருக்கிறது. ஒன்றும் கேட்கவில்லை. முருகா, உனக்குக் கோடிப் புண்ணியம்.

ஏப்ரல் 5 – சனி

தினம் சாப்பிடுகிறாள். என் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறாள். நன்றி சொல்ல வேண்டிய மனசு இன்று ஏனோ முணுமுணுக்கிறது.

நேற்றைய ரொட்டி கருகிவிட்டது. போன் வந்தது, பேச்சில் மறந்துவிட்டேன். அடிப்பக்கம் கரிக்கட்டை. எனக்கே தொண்டையில் இறங்கவில்லை. புனிதா கருகினதைச் சத்தமில்லாமல் கத்தியால் சுரண்டி, மார்ஜரின் தடவிச் சாப்பிட்டு எழுந்தாள். "நல்லா இருக்கு ஆன்ட்டி. தேங்க்யூ."

நல்லா இருக்காம்!

புக்கிட் பெலண்டோக்கில் என் தங்கச்சி வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்க்க வேண்டும். அவள் மகள்கள் இரண்டும், "என்னம்மா இது, இன்னைக்கும் இதேயா, உப்பு இல்ல, காரம், வாயில வைக்க முடியல" என்று ஆடித் தீர்த்துவிடுவார்கள். தங்கச்சி கரண்டியைத் தூக்குவாள். வீடே இரண்டாகும். பிறகு சட்டி காலி. அவள் அதை எனக்குப் போனில் சொல்லி அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் நான் "பாவம் நீ" என்பேன். உள்ளுக்குள் பொறாமை. விருந்தாளிதான் நல்லா இருக்குங்க என்று சொல்லிவிட்டுக் கை கழுவுவார்கள். பெற்ற பிள்ளை குறை சொல்லும்.

பேராசை பிடித்தவளே, போன மாதம் ஒரு துண்டு ரொட்டிக்கு ஏங்கினாய். மறந்துவிட்டதா?

ஏப்ரல் 14 – திங்கள்

சித்திரைப் புத்தாண்டு. கோயிலுக்கு மூன்று பேரும் போனோம். புனிதா நான் தைத்த பாவாடை தாவணியைக் கட்டிக்கொண்டாள். ராக்கம்மா அக்கா திருஷ்டி கழித்தார். மதியம் வடை, பாயசம், ஏழு காய்க் கறி. அவள் இலையில் வெறும் சோறும் நான் சுட்ட ரொட்டியும். இலை போட்டு ரொட்டி சாப்பிட்ட ஒரே தமிழ்ப் பெண் இவளாகத்தான் இருப்பாள். அவருக்கு முகம் வாடியது. நான் கண்ணைக் காட்டினேன், பேசாமல் இருங்கள் என்று.

வீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்டோம். அது போதும்.

மே 18 – ஞாயிறு

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மத்தியானம் நல்ல மழை. அவர் ஆலைக்குப் போயிருந்தார். நான் மாவு பிசைந்து வைத்திருந்தேன், உப்பி வந்திருந்தது. அதைக் குத்தி அமுக்க வேண்டிய நேரம். புனிதா வந்து பக்கத்தில் நின்றாள். "நான் குத்தவா?" என்றாள். நகர்ந்து இடம் விட்டேன். ஓங்கி ஒரு குத்து. மாவு புஸ்ஸென்று அடங்கியது. மறுபடி குத்தினாள். அப்புறம் மாவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஆன்ட்டி, என்மேல கோவமா?"

"எதுக்கும்மா கோவம்?"

"நீங்க செய்யிற கறி எதையும் நான் சாப்புடுறதில்லல்ல."

நான் மேடையில் சிந்தியிருந்த மாவைத் துடைத்தேன். அவளே சொன்னாள்.

"ஒங்க கறி வாசமே நல்லா இருக்கும். ஸ்கூல் விட்டு வர்றப்ப வாசல்லயே பசிக்கும். ஆனா அம்மா வெச்ச கறி எப்படி இருக்கும்னு எனக்குக் கொஞ்சம்தான் இன்னும் ஞாபகம் இருக்கு. ஒங்களது சாப்புட்டா, அது மறந்து போயிருமோன்னு பயமா இருக்கு."

"அப்ப ரொட்டி?"

"ரொட்டி அம்மா செஞ்சதே இல்ல லா. அதனால ரொட்டி ஓக்கே."

இவ்வளவுதான். டின்னில் எண்ணெய் தடவிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஐயோ. நான் என்னத்த நெனச்சிக்கிட்டு இருந்தேன், அந்தப் புள்ள என்னத்தப் பத்திரமா வெச்சிக்கிட்டு இருந்திருக்கு. என்னைப் பிடிக்கலன்னு நெனச்சேன். என் கை ஆகாதுன்னு நெனச்சேன். ரெண்டு வருஷமா ஒவ்வொரு குழம்புலயும் இன்னும் கொஞ்சம் மசாலா, இன்னும் கொஞ்சம் தேங்காப்பாலு – இன்னும் நல்லா வெச்சா தொட்டுப் பாக்கும்னு. நான் நல்லா வைக்க வைக்க அதுக்குப் பயம் கூடியிருக்கு. பத்து வயசுல அம்மாவ வாரிக் குடுத்த புள்ள, வாயில மிச்சம் இருக்குற ருசியக் காப்பாத்தப் பட்டினி கெடந்திருக்கு.

மே 19 – திங்கள்

ராத்திரியே அவரிடம் சொன்னேன். தலையணையைத் தட்டிப் போட்டார். பிறகு, "எனக்கும் மறந்துகிட்டு வருது ரதி" என்றார். அவர் என்னிடம் குமுதவல்லி அக்காவைப் பற்றித் தானாகச் சொன்ன முதல் வார்த்தை இது. எனக்கு நோகவில்லை. இவ்வளவு நாள் இவர்கள் இரண்டு பேரும் எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்தார்களே என்றுதான் நொந்தது.

காலையில் சாமி படத்துக்கு விளக்கு ஏற்றிவிட்டு அக்கா படத்துக்கு முன்னாலும் நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. ஒங்க புள்ள நல்ல புள்ளக்கா என்றேன். அவ்வளவுதான் வந்தது.

புனிதாவைக் குழம்பு சாப்பிடச் சொல்லி இனி இந்த வீட்டில் யாரும் கேட்கக்கூடாது. ரொட்டி இருக்கிறது. ரொட்டியை நன்றாகச் சுடுகிறேன்.

ஜூன் 29 – ஞாயிறு

ஜூலை 12 அக்காவுக்குத் திதி. ஐந்தாவது வருடம். அக்காவின் உடன்பிறந்தவர் லெட்சுமி அக்கா, புனிதாவுக்குப் பெரியம்மா, கிம்மாசிலிருந்து போன் செய்தார். வருடா வருடம் அவர்தான் வந்து படையலுக்குச் சமைப்பார். அக்காவுக்குப் பிடித்ததெல்லாம் படம் முன்னால் வைக்க வேண்டும்: கோழிக் கறி, அவித்த முட்டை, வெற்றிலை, கோப்பி ஓ, ரொட்டி.

"சன்னாசி அண்ணே இல்லாட்டி என்ன, கடையில ஒரு பாக்கெட்டு வாங்கி வெச்சிருங்க" என்றார். போன் மேசையில் ஸ்பீக்கரில் இருந்தது. புனிதா வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"பாக்கெட் ரொட்டி இனிக்கும் பெரியம்மா. அம்மாவுக்குப் பிடிக்காது." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஆன்ட்டி, நீங்க அம்மாவுக்கு ஒண்ணு செஞ்சு தர்றீங்களா?"

"ரதி கையாலயா?" என்று போனில் இழுத்தார் லெட்சுமி அக்கா. இரண்டாவதாக வந்தவள் கையால் முதல் மனைவிக்குப் படையலா என்று நினைத்திருப்பார். நானும் அதைத்தான் நினைத்தேன். கடைசியில் லெட்சுமி அக்கா சொன்னார்: "புள்ள கேக்குது. செய்யி. ஆனா ரதி, படையல் முடியிற வரைக்கும் எதையும் வாயில வெச்சுப் பாத்துறாத. அவ சாப்புட்ட பொறவுதான் நம்ம."

சரிக்கா என்றேன். பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நல்ல அழுகைதான்.

ஜூலை 11 – வெள்ளி

லெட்சுமி அக்கா வந்துவிட்டார். அரைத்த மசாலாவையும் தன் சட்டியையும்கூடக் கொண்டுவந்திருக்கிறார். கோழிக் கறி அவர் பொறுப்பு. எனக்கு ரொட்டியும் ஒரு பருப்பும்.

வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். "ஒனக்கு மனசுல ஒண்ணும் இல்லியே?"

இருக்கிறது என்றேன். பயம் இருக்கிறது. கருகாமல் வர வேண்டும், உப்பி வர வேண்டும். நாளைக்கு ஒரு நாள் அந்த ரொட்டி கெட்டுப் போனால் புனிதா மறுபடி "நல்லா இருக்கு ஆன்ட்டி" என்று சொல்லி விழுங்குவாள். அவள் அம்மாவுக்கு நான் செய்த ஒரே காரியமும் பாழாகும். இதையெல்லாம் அப்படியே சொல்லிவிட்டேன். எனக்கு ஒளிக்கத் தெரியாது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் என்றார்.

ஜூலை 12 – சனி

விடியும் முன் தலைக்குக் குளித்து ஈரத் தலையோடு அடுக்களைக்குள் போனேன். புது மாவு, புது ஈஸ்ட். உப்பைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து மேடை ஓரமாக வைத்துக்கொண்டேன். மாவு ஒன்று சேர்ந்தது. பழக்கத்தில் ஒரு கிள்ளு கிள்ளி வாய் வரைக்கும் கொண்டுபோய்விட்டேன்.

"ஏய், வாயில வெக்காத!" பின்னாலிருந்து லெட்சுமி அக்கா.

திடுக்கிட்டுப் போய் அந்தக் கிள்ளை மறுபடி மாவிலேயே போட்டு, மடமடவென்று பிசைந்து, துணி போட்டு மூடினேன். நல்ல வேளை, படையலைக் கெடுக்க இருந்தேன்.

மாவு இன்று உப்பின உப்பு இருக்கிறதே! அரை மணி நேரத்தில் துணியைத் தள்ளிக்கொண்டு நின்றது. டின்னில் போட்ட பிறகும் அப்படித்தான். இப்படி ஒரு நாளும் வந்ததில்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது. "அக்காவுக்குச் சம்மதம் போல இருக்கு" என்றேன். லெட்சுமி அக்காவும் பார்த்துவிட்டு, "அவதான்" என்றார். ராக்கம்மா அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

படத்துக்கு மாலை. இலை போட்டு எல்லாவற்றையும் பரிமாறினோம். ரொட்டியைப் புனிதாவே வெட்டினாள், கோணலாக. கோப்பி ஓவை அவளே கலந்து பக்கத்தில் வைத்தாள். அவர் சூடம் காட்டினார். காக்காவுக்குச் சோற்றோடு ஒரு துண்டு ரொட்டியும் வைத்தோம். காக்கா ரொட்டியைத்தான் முதலில் தூக்கிக்கொண்டு போனது. எனக்குக் கால் தரையில் இல்லை.

பிறகு எல்லாரும் உட்கார்ந்தோம். ஆளுக்கு ஒரு துண்டு ரொட்டி. அவர் மென்றார். லெட்சுமி அக்கா மென்றார். இரண்டு பேரும் தண்ணீரை எடுத்துக் குடித்தார்கள். நான் புனிதாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அவளுடைய அம்மாவைப் போலவே கோப்பியில் முக்கி வாயில் வைத்தாள். மென்றாள். நிறுத்தினாள். இன்னொரு வாய், கோப்பி இல்லாமல். அவள் முகம் மாறியது.

"ஆன்ட்டி! உப்பே இல்ல!"

எனக்குப் புரியவில்லை.

"உப்பே போடல நீங்க! அலாமாக், அம்மா வருஷத்துக்கு ஒருவாட்டிதான் வந்து சாப்புடுறாங்க, அதுலயும் உப்பில்லாத ரொட்டியா குடுப்பீங்க? வாயில வெக்கவே முடியல லா! எப்படி மறப்பீங்க?"

"புனிதா!" என்று அவர் அதட்டினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மேடையைத் திரும்பிப் பார்த்தேன். ஓரமாகக் கிண்ணத்தில் உப்பு, எடுத்து வைத்தது எடுத்து வைத்தபடி இருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தால்தானே என் கை உப்பைத் தேடும். அடக்க உப்பில்லாமல்தான் மாவு அந்தக் குதி குதித்திருக்கிறது. நாங்களோ அக்காவின் சம்மதம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

"மறந்துட்டேன்டி" என்றேன். டி போட்டு அவளைக் கூப்பிட்டதே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையோடு சேர்ந்து. லெட்சுமி அக்காவும் சிரித்தார். "குமுதாவும் இப்புடித்தான், வேலைக்கு ஓடுற அவசரத்துல பாதி நாளு கறியில உப்பு இருக்காது. என் தங்கச்சிக்குத் தெரியாத உப்பில்லாத சாப்பாடா" என்றார்.

"நெஜமாவா பெரியம்மா?" என்றாள் புனிதா. கோபம் இன்னும் போகவில்லை. "இத எப்படிச் சாப்புடுறது இப்ப? அந்தப் பருப்பத் தள்ளுங்க. அதுலயாவது உப்புப் போட்டீங்களா?"

நான் வைத்த பருப்பு. கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினேன். ரொட்டியைப் பிய்த்து அதில் முக்கினாள். "ம், இதுல இருக்கு" என்றாள். இன்னொரு துண்டு பிய்த்தாள்.

நான் என் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

ஜூலை 13 – ஞாயிறு

லெட்சுமி அக்காவைக் காலைப் பஸ் ஏற்றிவிட்டோம். போகும்போது தன் மசாலாவில் பாதியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். புனிதா கேட்டால் மட்டும் அதை எடுப்பேன்.

மத்தியானம் ரொட்டி சுட்டேன். நேற்றைய பயத்தில் உப்பைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டுவிட்டேன் போல. சாயங்காலம் ஒரு வாய் வைத்துவிட்டு, "நேத்து உப்பே இல்ல, இன்னைக்குக் கடல்ல முக்கி எடுத்தீங்களா ஆன்ட்டி?" என்றாள். பிடிக்காவிட்டால் சாப்பிடாதே என்றேன். அவள் பதிலுக்கு ஒன்று சொன்னாள். நான் கரண்டியைத் தூக்கினேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

உடனே புக்கிட் பெலண்டோக்குக்குப் போன் போட்டு, எங்க வீட்லயும் சாப்பாட்டுச் சண்டை என்று தங்கச்சியிடம் சொன்னேன்.